தம்பிக்கு ஒரு பதிவுத் தபால்

கொடகவெல
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, நான், பிள்ளைகள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். மழை விட்டால் குறையும் என்கிறார். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. இந்த மாதம் ரப்பர் பால் வெட்டு சரியாக நடக்கவேயில்லை. லயத்தில் எல்லோர் கையிலும் காசு முடை.

உங்கள் ஃபெக்டரியில் சங்கம் சேர்ப்பது பற்றி நீ போனில் சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியைக் கேட்பாய், உன் கூட்டாளிகளுக்கு அதில் பாதியைச் சொல்வாய். வட்ஸ்அப்பில் போடலாமென்றால், உங்கள் குரூப்பில் போடுகிறதெல்லாம் மறுநாள் எச்.ஆர். மேசையில் இருக்கிறது என்று நீயே சொல்கிறாய். அதனால்தான் கடிதம், அதுவும் பதிவுத் தபாலில். வாசித்துவிட்டுப் பெட்டியில் பூட்டிவைக்காமல் உன்னோடு நிற்கிற நாலு பேருக்கும் வாசித்துக் காட்டு.

முதலில், வேலையிலிருந்து நிறுத்திய அந்தப் பையன் விஷயம். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது. சூப்பர்வைசர் "நாளைக்கு வராதே" என்று வாயால் சொல்லி கார்டை வாங்கிக்கொண்டார், கடிதம் எதுவும் கொடுக்கவில்லை என்றாய். அவன் போர்டிங்கில் படுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறானாம். போக விடாதே. அவன் ஊருக்கு பஸ் ஏறவேண்டும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பு. கொஞ்ச நாளில் அவனுடைய தோட்ட விலாசத்துக்கு ஒரு கடிதம் வரும்: "அறிவிக்காமல் வேலைக்கு வரவில்லை, ஆகவே வேலையைத் தானாகக் கைவிட்டதாகக் கருதுகிறோம்." லயத்துக்கு வருகிற தபால் தோட்டக் காரியாலயத்தில் எத்தனை நாள் கிடக்கும் என்பது உனக்குத் தெரியாததா? கையில் கிடைக்கும்போது பதில் சொல்லக் கொடுத்த தவணையும் முடிந்திருக்கும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்காதே. வேலையை நிறுத்தினோம் என்று கம்பனி ஒத்துக்கொண்டால், ஏன் நிறுத்தினோம் என்று தொழில் நியாய சபையில் அவர்கள்தான் முதலில் சாட்சி கூறவேண்டும். "நாங்கள் நிறுத்தவே இல்லை, அவனாகப் போனான்" என்று சொல்லிவிட்டால், நிறுத்தினார்கள் என்பதை இவன் நிரூபிக்க வேண்டும். வாயால் சொன்ன ஒரு வார்த்தையை இவன் எதைக் கொண்டு நிரூபிப்பான்? சூப்பர்வைசர் வந்து "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் கதை முடிந்தது.

ஆகவே அவன் நாளைக் காலை வழக்கமான ஷிப்ட் நேரத்துக்கு கேட்டுக்குப் போகட்டும். தனியாக வேண்டாம், இன்னொருவர் கூடப் போகட்டும். செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். சண்டை பிடிக்க வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு நேரே பொலிசுக்குப் போகட்டும். அங்கே "இது எங்கள் வேலை இல்லை, லேபர் ஆபிசுக்குப் போ" என்பார்கள். வழக்குப் போட வரவில்லை, வேலைக்கு வந்தும் உள்ளே விடவில்லை என்று ஒரு என்ட்ரி மட்டும் போட வேண்டும் என்று பொறுமையாகக் கேட்கச் சொல். சிங்களத்தில் எழுதுவார்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல். "வேலையை விட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். என்ட்ரி நம்பரை மறக்காமல் வாங்கவேண்டும்.

அன்றைக்கே கம்பனிக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். நாலு வரி போதும். இன்ன திகதி இன்ன நேரத்துக்கு வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, முந்தின நாள் இன்ன சூப்பர்வைசர் வரவேண்டாம் என்றார், நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். அவ்வளவுதான். ஆத்திரத்தை அதில் எழுத வேண்டாம். ஒரு பிரதி அந்தப் பகுதி லேபர் ஆபிசுக்கு. ரசீதுகளை ஒரு கவரில் போட்டு அவனிடமே வைக்காமல் நீ வாங்கி வை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். "சங்கம் சேர்த்ததற்காக வேலையிலிருந்து தூக்கினால் அது குற்றம் என்று சட்டம் இருக்கிறதாமே அக்கா, அப்படியானால் ஏன் பயப்பட வேண்டும்?" என்று கேட்டாய். இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில், 1999இல் 56ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம் 32அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சங்கத்தில் சேராதே, இருப்பதை விடு என்பதை வேலைக்கு நிபந்தனையாக்கக்கூடாது. சங்க நடவடிக்கைக்காக வேலைநீக்கம் செய்யக்கூடாது. சங்கத்தை விட்டு விலகுவதற்காகச் சலுகையோ வாக்குறுதியோ கொடுக்கக்கூடாது. சங்கம் அமைப்பதைத் தடுக்கக்கூடாது, அதன் வேலையில் தலையிடக்கூடாது. விசாரணையில் நல்லெண்ணத்தோடு சாட்சி சொன்னவரைத் தண்டிக்கக்கூடாது. நூற்றுக்கு நாற்பது பேரை அங்கத்தவராக வைத்திருக்கும் சங்கத்தோடு பேச மறுக்கக்கூடாது. உங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, பெயரை வெட்டினால் டீம் லீடர் ஆக்குகிறோம் என்றார்களே, அது இந்தப் பட்டியலில் அப்படியே இருக்கிறது.

ஆனால் பிரிவை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தை வாசிக்காமல் விடுகிறார்கள். மீறினால் என்ன தண்டனை? முதலில் அதிகபட்சம் 20,000 ரூபா. 2011இல் அதை 100,000 ரூபா ஆக்கினார்கள். ஒரு பெரிய ஃபெக்டரிக்கு அது என்ன காசு? அந்தத் தண்டப்பணமும் அரசாங்கத்துக்குத்தான் போகும், வேலை போனவன் கைக்கு வராது. அதைவிட முக்கியம், இந்த வழக்கை நீயோ சங்கமோ நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. தொழில் திணைக்களம்தான் போடவேண்டும். சர்வதேச தொழில் அமைப்பு பல வருடமாக இதைக் குறையென்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இலங்கை அந்த அமைப்பின் 98ஆம் இலக்கச் சமவாயத்தை 1972இலும், 87ஆம் இலக்கத்தை 1995இலும் ஏற்றுறுதி செய்த நாடு. அப்படியிருந்தும் சாவி திணைக்களத்தின் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த முதலாளி "இவன் சங்கம் சேர்த்தான், அதனால் நிறுத்துகிறேன்" என்று கடிதம் கொடுப்பான்? பிந்தி வந்தான், குவாலிட்டி குறைவு, மேலதிகாரியிடம் மரியாதையில்லாமல் பேசினான் என்று ஏதாவது இருக்கும். சங்கம்தான் காரணம் என்று காட்டுவது உங்கள் தலையில்.

அதற்காக 32அவை விட்டுவிடு என்று சொல்லவில்லை. முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். முறைப்பாடு இருந்தால்தான் உதவித் தொழில் ஆணையாளர் இரண்டு தரப்பையும் கூப்பிடுவார், கூப்பிட்ட இடத்தில் கம்பனி சொல்கிற பதில் கோப்பில் ஏறும். ஆனால் வேலையைத் திரும்ப வாங்கித்தருவது அது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அதற்கு வழி தொழில் நியாய சபை.

நியாய சபைக்கு வேலை போனவரே விண்ணப்பிக்கலாம், அவருக்காகச் சங்கமும் விண்ணப்பிக்கலாம். வேலை நிறுத்திய திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போடவேண்டும். லேபர் ஆபிசில் பேச்சு நடக்கிறது, முடியட்டும் என்று ஆறு மாதத்தையும் தாண்டிவிட்டு எங்கள் சங்கக் காரியாலயப் படி ஏறியவர்கள் உண்டு. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், விண்ணப்பத்தை நேரத்துக்குப் போட்டுவிடு. லோயர் இல்லாவிட்டாலும் சங்கப் பிரதிநிதி பேசலாம். நியாயமும் ஒப்புரவும் எது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற சபை அது. சாதாரண கோர்ட் மாதிரி சாட்சியச் சட்டத்தின் நுணுக்கத்தில் கட்டுப்பட்டுக் கிடக்காது. திரும்ப வேலைக்கு எடு, இடையில் போன சம்பளத்தைக் கொடு என்று கட்டளை போடலாம். வேலைக்குப் பதிலாக நட்டஈடும் கொடுக்கச் சொல்லலாம். கம்பனி மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்குப் பிணையாகப் பணம் கட்டவேண்டும், சும்மா இழுத்தடிக்க முடியாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் இழுக்கும். சட்டத்தில் சில மாதத்தில் முடிக்கவேண்டும் என்று இருக்கிறது. இரத்தினபுரிக்குத் தவணைக்குத் தவணை பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்வந்த எனக்கு அது எப்படி நடக்கிறது என்று தெரியும். ஒரு நாள் தலைவர் லீவு, ஒரு நாள் கம்பனி லோயர் வரவில்லை, ஒரு நாள் சாட்சி வரவில்லை. அதற்குள் அந்தப் பையன் வேறு வேலைக்குப் போய்விடுவான். போகட்டும், சாப்பிட வேண்டாமா? கேஸ் அதனால் விழுந்துவிடாது. ஆனால் வேறெங்கும் சம்பாதித்ததை மறைக்கச் சொல்லாதே.

தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களைப் பற்றி ஒன்று. ப்ரொபேஷனில் இருக்கிறவரை நிறுத்தினால் நியாய சபை லேசில் தலையிடாது. கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று காட்டவேண்டும். ஆகவே படிவம் நீட்டி, ஆள் சேர்த்து முன்னால் நிற்கிறவர்கள் வேலை நிரந்தரமானவர்களாக இருக்கட்டும். புதுப் பையன்களுக்குத்தான் வேகம் அதிகம், அவர்களைக் கொஞ்சம் பின்னால் நிறுத்து.

சரி, வேலையிலிருந்து தூக்காமல் வேறு விதமாக வதைத்தால்? உன்னை நைட் ஷிப்டுக்கு மாற்றினார்களே, அதுபோல. இங்கே தோட்டத்தில் இது பழைய வித்தை. ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், பால் வெட்டுகிற ஒரு அக்கா சங்கம் மாறுவதற்குப் பெண்களிடம் கையெழுத்து வாங்கினார். அடுத்த வாரமே அவருக்கு வெட்டுவதற்குக் கிடைத்தது மேட்டு மலையில் கிழட்டு மரங்கள். பட்டை உரிந்து, முடிச்சு முடிச்சாக, கத்தி ஓடாது. பால் வரவில்லை, வராதபோது முழுப் பேர் இல்லை, அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். யாரும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் பேசினார். மாதக் கடைசியில் சம்பளத் துண்டைப் பார்த்துத்தான் மற்றப் பெண்களுக்குச் செய்தி போனது.

இதற்கு நியாய சபைக்குப் போக முடியாது. வேலைநீக்கம், சேவைக்காசு போன்றவற்றுக்குத்தான் தொழிலாளி நேரே அங்கே போகலாம். இடமாற்றம், ஷிப்ட், பேர் குறைப்பு எல்லாம் தொழில் ஆணையாளரிடம் பிணக்காகக் கொடுக்கவேண்டும். அவர் இணக்கம் செய்யப் பார்ப்பார். இணங்காவிட்டால் நடுத்தீர்ப்புக்குப் போகலாம்; அமைச்சரே கட்டாய நடுத்தீர்ப்புக்கு அனுப்பவும் முடியும். அந்த அக்காவிடம் ஒரு நல்ல பழக்கம், பிள்ளையின் பழைய கொப்பியில் தினமும் எந்த மலை, எத்தனை மரம், எத்தனை கிலோ, என்ன பேர் என்று எழுதிவைப்பார். கையெழுத்து வாங்கத் தொடங்கிய திகதிக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது உதவி ஆணையாளருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பழைய மலை திரும்பக் கிடைத்தது. வெட்டுப்பட்ட பேருக்கான காசு கிடைக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். சங்கம் மாறுகிற வேலையும் அதோடு ஓய்ந்துபோனது. பெண்கள் அந்தச் சம்பளத் துண்டை மறக்கவில்லை.

நீயும் ஒரு கொப்பி போடு. எந்த ஷிப்ட், யார் மாற்றினார், என்ன காரணம் சொன்னார், எச்.ஆர். யாரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டது, என்ன பேசியது. அன்றன்றைக்கு எழுது, பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள். நெருக்கடி தாங்காமல் யாராவது ராஜினாமாக் கடிதம் எழுதத் துணிந்தால் உடனே என்னிடம் கேட்கச் சொல். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவை வேலைநீக்கமாகவே எடுத்துக்கொண்ட தீர்ப்புகள் இருக்கின்றன, ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு மலை ஏறுகிற வேலை அது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீங்கள் எல்லோரும் பெயரை மறைத்துக்கொண்டு சங்கம் சேர்க்கிறீர்கள். ஆரம்பத்தில் அதுதான் சரி. ஆனால் கடைசிவரை மறைத்தால் அது கம்பனிக்குத்தான் வசதி. நாளைக்கு உன்னை நிறுத்திவிட்டு, "இவர் சங்கத்தில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்பார்கள். ரகசியமாக இருந்தவன் அதை எப்படி மறுப்பான்? ஆள் போதுமான அளவு சேர்ந்ததும், கிளைக் கமிட்டியில் யார் யார், தலைவர் செயலாளர் பொருளாளர் யார் என்று தாய்ச்சங்கத்தின் கடிதத்தாளில் எழுதி, பதிவுத் தபாலில் கம்பனிக்கும் தொழில் ஆணையாளருக்கும் அனுப்பவேண்டும். அந்தத் திகதிக்குப் பிறகு உங்களில் யாரைத் தொட்டாலும், அது ஏன் அந்த வாரம் நடந்தது, ஏன் அந்த ஆளுக்கு நடந்தது என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பத்து வருடம் பிந்தி வராதவன் கமிட்டிக் கடிதம் போன மறு வாரம் பிந்தி வந்தானாம் என்றால் நியாய சபைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார்.

பெயரைக் கொடுத்தால் முதலில் குறி வைப்பதும் அந்தப் பெயர்களைத்தானே என்பாய். உண்மை. அதனால்தான் எத்தனை பேர் சேர்ந்த பிறகு கொடுப்பது என்பதில் அவசரம் கூடாது. தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏழு பேர் கையெழுத்து வைத்த விண்ணப்பம் ஏழு பேரைத் தனியாகப் பிரித்துக்காட்டுகிற பட்டியலும்தான். புதிதாகப் பதிவு செய்யாமல், ஏற்கனவே பதிவுள்ள ஒரு சங்கத்தின் கிளையாகச் சேருங்கள் என்று நான் சொல்வது இதனால். எந்தச் சங்கம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் சங்கத்துக்கு அங்கே ஆளும் இல்லை, காரியாலயமும் இல்லை. வழக்கென்று வந்தால் தவணைக்கு வந்து நிற்கக்கூடியவர்கள் யார் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். படம் பிடிக்க மட்டும் வருகிற தலைவர்களை நாம் இங்கே போதுமானவரை பார்த்துவிட்டோம்.

நாற்பது சதவீதம் என்கிறார்களே, அதில் கவனம். எண்ணிக்கை பற்றித் தகராறு வந்தால் திணைக்களம் வாக்கெடுப்பு வைக்கும். 2003இல் கட்டுநாயக்கவில் ஜகலங்கா என்ற ஆடைத் தொழிற்சாலையில் அப்படி வைத்தார்கள். ஜூலை 9ஆம் திகதி. அதற்கு முந்திய வாரங்களில் ஆட்களைக் கூப்பிட்டு மிரட்டினார்கள் என்று சங்கம் முறையிட்டது. சங்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, வாக்களிக்க வந்தவர்கள் மிகச் சிலர். வாக்குப்பெட்டி ஃபெக்டரிக்கு உள்ளே. யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உள்ளே. போனாலே சங்கக்காரன் என்று முத்திரை. வாக்கு ரகசியமாக இருந்து என்ன பயன்? அந்தப் பிணக்கு ஜெனீவா வரை போனது. கடைசியில் அந்த உடுப்பை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனிகளும் தலையிட்டு அந்த வருடமே ஓர் உடன்பாடு வந்தது.

உங்கள் ஃபெக்டரி வாக்கெடுப்பு வரை போனால் எங்கே, எந்த நேரம், யார் நிற்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மேன்பவர் பையன்களைக் கணக்கில் எப்படி எடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். உங்களோடு ஒரே மெஷினில் நிற்பான், ஆனால் காகிதத்தில் அவன் வேறொரு ஏஜென்சியின் ஆள்.

கம்பனியில் திடீரென்று "ஊழியர் சபை" அமைக்கிறார்களாம், உன்னையே அதில் போட்டியிடச் சொன்னார்களாம். முதலீட்டு வலயங்களில் இது புதிதில்லை. அந்தச் சபை கன்டீன் சாப்பாடு, பஸ், மின்விசிறி பற்றிப் பேசலாம், தப்பில்லை. சங்கத்துக்குப் பதில் இது போதும் என்று சொல்லத்தான் அதை எடுக்கிறார்கள். நின்றாலும் நில், ஆனால் சங்கப் படிவத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்காதே.

வெளிநாட்டு வாங்குநருக்கு நேரே ஈமெயில் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறாய். உன் கூட்டாளி யாரோ சொல்லியிருக்கிறான். ஐரோப்பா இந்த நாட்டுக்கு 2010இல் நிறுத்திய ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை 2017இல் திருப்பிக் கொடுத்தது; தொழிலாளர் சமவாயங்களையும் கடைப்பிடிக்கவேண்டும் என்பது அதிலுள்ள நிபந்தனை. அதனால் கம்பனிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வாங்குநருக்கு எழுதும்போதும் அவர்கள் கேட்கப்போவது, லேபர் ஆபிசில் முறைப்பாடு எங்கே, திகதி என்ன, காகிதம் எங்கே என்றுதான். இங்கே ஒன்றும் செய்யாமல் அங்கே எழுதினால், கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஓர்டர் வேறு ஃபெக்டரிக்குப் போனாலும் நட்டம் உங்களுக்குத்தான்.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் சங்கம் அமைக்கும் உரிமை இருக்கிறதே, உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்றும் கேட்டாய். அடிப்படை உரிமை மனு அரசாங்கத்தின் செயலுக்கு எதிராகத்தான். தனியார் கம்பனிக்கு எதிராக அது பொருந்தாது. பொலிஸ் உங்கள் கூட்டத்தைக் கலைத்தாலோ ஆட்களைச் சும்மா பிடித்தாலோ அப்போது அது வேலை செய்யும். அதற்கு ஒரு மாதம்தான் தவணை.

பொலிஸ் என்றதும் இன்னொன்று. தொழில் தகராறைக் குற்ற வழக்காக மாற்றிவிட்டால் கம்பனிக்குப் பாதி வேலை முடிந்தது. 2021 பெப்ரவரியில் மஸ்கெலியா ஓல்டன் தோட்டத்தில் முகாமையாளரான துரை தாக்கப்பட்டார் என்று தொழிலாளர்கள் மேல் வழக்கு விழுந்தது. 38 பேரை வேலையிலிருந்தும் நிறுத்தினார்கள். அவர்கள் எதற்காகப் போராடினார்கள் என்பதை யாரும் பேசவில்லை, யார் அடித்தது என்பதையே எல்லோரும் பேசினார்கள். உங்களில் கோபக்காரன் ஒருத்தன் இருப்பான். அவனை எச்.ஆர். அறைக்குத் தனியாக விடாதே.

நம் சப்ரகமுவக் கதை ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரமாட்டார்கள். கேகாலைப் பக்கம் உந்துகொட என்ற இடத்தில் நேவ்ஸ்மியர் என்று ஒரு தோட்டம். 1946இல் அதைக் கிராமத்தவருக்குப் பங்கிட்டுக் கொடுக்க அரசாங்கம் எடுத்தது. அங்கே இருந்த நம் ஆட்களை லயத்தைவிட்டுப் போகச் சொன்னார்கள். காணியில்லாத சிங்களக் கிராமத்தவருக்குக் காணி கொடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவர்கள் எங்கே போவது? அவர்கள் போகவில்லை. தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் அக்கம்பக்கமெல்லாம் பரவியது. குற்றவியல் அத்துமீறல் என்று வழக்குப் போட்டார்கள், கீழ் நீதிமன்றம் குற்றவாளி என்றது, கொழும்பிலும் அதுவே உறுதியானது. அவர்களில் செல்வநாயகம் என்ற தொழிலாளி பெயரில் வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. பெயரைப் பார்த்துவிட்டு தமிழரசுக் கட்சிச் செல்வநாயகம் என்று பலர் நினைக்கிறார்கள்; அவரில்லை, இவர் லயத்தில் இருந்த ஆள். 1950இல் தீர்ப்பு வந்தது. தன் வீட்டில் இருக்கவேண்டும் என்பதுதான் இவருடைய நோக்கம். அதனால் சொந்தக்காரருக்கு எரிச்சல் வரும் என்று இவருக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் எரிச்சலூட்டவேண்டும் என்பதற்காக இருக்கவில்லை. ஆகவே குற்றமில்லை என்று தண்டனையை நீக்கினார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை. நாலு வருடம்! ஒரு லயக் காம்பிராவில் படுப்பது குற்றமில்லை என்று சொல்ல லண்டன்வரை போகவேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். பத்துச்சீட்டை, அதாவது வேலைநீக்கச் சீட்டை, கொடுத்துச் சட்டிபானையை வெளியே வைத்துவிடுவார்கள். சங்கக்காரர் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அவர் மேலும் அத்துமீறல் வழக்கு. 1970இல் 25ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் சங்கப் பிரதிநிதி தோட்டத்துக்குள் போவது உரிமையானது. நான் காரியாலயத்தில் சேர்ந்த காலத்திலும் சில துரைமார் கேட்டில் நிறுத்திவைத்துப் பார்ப்பார்கள். சட்டத்தின் பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்திருப்பேன். எடுத்துக் காட்டினால் வாச்சர் துரைக்குப் போன் போடுவார், பிறகு கேட் திறக்கும்.

இங்கே எங்கள் நிலைமையும் பெரிதாக இல்லை. 2021இல் கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனதிலிருந்து பல தோட்டங்களில் செக்ரோலில் சம்பளத்திலிருந்து சந்தா வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள், கையால் வசூலிக்கவேண்டியிருக்கிறது. சம்பள நாளன்று லயம் லயமாக ஏறி இறங்குகிறோம். ஒன்று சொல்லட்டுமா, தானாக வெட்டிக்கொண்டிருந்தபோது சங்கம் என்ன செய்தது என்று யாரும் கேட்டதில்லை. இப்போது காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. தலைவர்மாருக்குத்தான் பிடிக்கவில்லை. நீங்களும் சந்தாவை ஆரம்பத்திலிருந்தே ரசீது போட்டு வாங்குங்கள். நாற்பது சதவீதம் என்று வாதாடும்போது ரசீதுப் புத்தகத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை.

அம்மாவிடம் நான் முழுக்கச் சொல்லவில்லை. ஷிப்ட் மாற்றினார்கள் என்பது மட்டும் தெரியும். "அவன் அப்பா மாதிரி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான்" என்றார். திட்டினாரா பெருமைப்பட்டாரா என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பையனின் நியமனக் கடிதம், கடைசி மூன்று சம்பளத் துண்டு, ஈபிஎஃப் நம்பர், பொலிஸ் என்ட்ரி நம்பர், பதிவுத் தபால் ரசீது எல்லாவற்றையும் படம் பிடித்து எனக்கு மட்டும் அனுப்பு, குரூப்பில் போடாதே. நியாய சபை விண்ணப்பத்தை நான் எழுதி அனுப்புகிறேன், சங்கம் முடிவாகாவிட்டால் அவன் பெயரிலேயே போடலாம். புதன்கிழமை முழுநாளும் காரியாலயத்தில் இருப்பேன், பத்து மணிக்குப் பிறகு கூப்பிடு.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா

பி.கு.: நைட் ஷிப்டுக்கு மாற்றிய கட்டளை எழுத்தில் வந்ததா, வாயாலா? வாயால் என்றால், மாற்றத்துக்குக் காரணம் கேட்டு நாளைக்கே ஒரு கடிதம் கொடு. பிரதியில் வாங்கினவரின் கையெழுத்தும் திகதியும் வாங்கு. வாங்க மறுத்தால் அதையும் தபாலில் போடு.